‘புயல்’ படத்துக்கு இன்னும் மதிப்பெண் அனுப்பாததற்கு விளக்கம்

மதிப்பிற்குரிய துறைத் தலைவர் அவர்களுக்கும், அவருடைய நாற்காலியிலேயே உட்கார்ந்திருக்கும் என் அன்பு அண்ணிக்கும்,

வணக்கம். இங்கே நானும் உங்கள் தம்பியும் நலம் என்று சொல்லிக்கொள்ளும்படி இருக்கிறோம். எங்கள் கைக்குழந்தை, உங்கள் மருமகன், மிக மிக நலமாக இருக்கிறான், சிக்கலே அதுதான். அங்கே அண்ணனும் பிள்ளைகளும் நலமாக இருப்பார்கள் என்று நம்புகிறேன். உங்கள் முழங்கால் வலி இப்போது படி ஏற விடுகிறதா? மாணவர்களின் பாட்டுப் படங்களில் மூன்று குழுக்களுக்கு மதிப்பெண் அனுப்பிவிட்டு நான்காவதை மட்டும் நான் கையிலேயே வைத்திருப்பதைத் துறைத் தலைவராக இரண்டு முறையும் அண்ணியாக ஒரு முறையும் நினைவூட்டினீர்கள். அண்ணியாக நினைவூட்டியதற்குத்தான் இந்தக் கடிதம்.

இந்தக் காலத்தில் காகிதத்தில் கடிதமா என்று சிரிக்காதீர்கள். என் போனில் அந்த நான்காவது குழுவின் படம் ஓடிக்கொண்டிருக்கிறது. அதில் ஒரு செய்தி தட்டப் போனாலும் படம் நிற்கும். படம் நின்றால் உங்கள் மருமகன் எழுந்துகொள்வான். உங்கள் தம்பியிடம், "நீங்களே அக்காகிட்ட விஷயத்தைச் சொல்லிடுங்களேன்" என்றேன். "நான் சொல்லமாட்டேம்மா. நீ எழுதிக் குடு, தபால்காரன் வேலை மட்டும் பார்க்கறேன்" என்று சொல்லிவிட்டுச் சோபாவில் சாய்ந்தவர்தான். குழந்தைக்கு எட்டாத ஒரே மேசை இந்த வீட்டில் துவைக்கிற மெஷின் என்பதால் அதன்மேல் வைத்து எழுதுகிறேன். நடுநடுவே எழுத்து நடுங்கியிருந்தால் எனக்கு உடம்புக்கு ஏதோ என்று பயப்பட வேண்டாம், துணி பிழிகிறது.

உங்களுக்குத் தெரிந்த கதைதான் என்றாலும் வரிசையாகச் சொன்னால்தான் எனக்கே பிடிபடும். ஒவ்வொரு குழுவும் சொந்தமாக ஒரு பாட்டு எழுதி, அதற்குப் படம் எடுத்து, அதை விளம்பரப்படுத்த ஒரு சுவரொட்டி, பாட்டுத் தட்டுக்கு ஒரு மேலட்டை, ஒரு குட்டி முன்னோட்டம் செய்ய வேண்டும். பாதி மதிப்பெண் படத்துக்கு, பாதி விளம்பரத்துக்கு. இரண்டையும் ஒரே கேள்வியால்தான் எடை போடுகிறோம், அதுவும் நீங்களே வகுத்த கேள்வி: சொன்னதைச் செய்கிறதா? இந்தக் குழுவில் இரண்டே பேர். ஒருத்தி எல்லாரும் ‘டைரக்டரம்மா’ என்று கூப்பிடும் அந்தச் சுருட்டை முடிப் பெண். எழுத்து, பாட்டு, எடிட்டிங் எல்லாம் அவள்தான். இன்னொருவன் நெட்டை, அவன் ஓட வேண்டும், வாயசைக்க வேண்டும், அவ்வளவுதான். பாட்டின் பெயர் ‘புயல்’. "புயலே புயலே கெளம்பு, பூட்டுன கதவ ஒடச்சுக் கெளம்பு" என்று நாற்காலியில் உட்கார முடியாத வேகத்தில் போக வேண்டிய பாட்டு. படப்பிடிப்புக்கு முந்தின நாள் நெட்டைக்குக் கணுக்கால் சுளுக்கிக்கொண்டது. ஓட முடியாது, நொண்டாமல் மெதுவாக நடக்க முடியும். அதற்கும் வழி இருக்கிறதே. பாட்டைப் பாதி வேகத்தில் ஓடவிட்டு, அவனை அதற்கேற்ப மெதுவாக நடந்து மெதுவாக வாயசைக்கச் சொல்லிப் படமெடுத்து, பிறகு கணினியில் அந்தப் படத்தை இரண்டு மடங்கு வேகமாக்கினால் நடை ஓட்டமாகிவிடும், உதடும் நிஜப் பாட்டோடு பொருந்திவிடும். பிரமாதமான யோசனை. வகுப்பில் அதைச் சொல்லிக்கொடுத்த புண்ணியவதி நான்தான்.

நேர்காணலில் அவர்களைக் கேட்டேன், "இது வேகப் பாட்டுன்னு எழுதியிருக்கீங்களே, எனக்கு ஏன் கொட்டாவி வருது?" நெட்டை உடனே, "உங்களுக்கு வேலை ஜாஸ்தி மேடம்" என்றான். டைரக்டரம்மா அவன் காலை மிதித்தாள், சுளுக்கின கால். பிறகு உள்ளதைச் சொன்னாள். "கம்ப்யூட்டர் ரூமைப் பூட்டற நேரம் மேடம். படத்தை வேகமாக்கினா மெஷின் நின்னு போயிடுது. பாட்டை மெதுவாக்கினா ஒத்துக்குது. சொன்ன பேச்சைக் கேக்கறது எதுவோ அதைத்தான் மெதுவாக்க முடிஞ்சுது." அதாவது, பாட்டின் வேகத்துக்குப் படத்தை இழுக்காமல், படத்தின் நடைக்குப் பாட்டைப் படுக்கப் போட்டுவிட்டார்கள். அவள் குரல் ஏதோ கிணற்றுக்குள் குடியிருக்கும் ஒரு பெரியவரின் குரலாகிவிட்டது. ‘பு’வுக்கும் ‘ய’வுக்கும் நடுவில் நான் ஒரு பால் புட்டியைக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிடலாம். "பார்த்தவங்க என்ன சொன்னாங்க?" என்றேன். "பின்வரிசையில ரெண்டு பேர் கடைசி வரைக்கும் எழுந்து போகல மேடம்" என்றான் நெட்டை. "தூங்கிட்டாங்க மேடம்" என்றாள் அவள். அவளுக்குப் பொய் வரவில்லை. அதுதான் என்னைக் கொல்கிறது. எழுந்து போகும்போது வாசலில் நின்று, "முன்னோட்டத்தை மட்டும் முதல்லயே முடிச்சுட்டோம் மேடம், அதையும் பார்த்துடுங்க" என்றாள். பார்க்கிறேன் என்றேன். இன்னும் பார்க்கவில்லை. காரணம் சொல்கிறேன்.

மதிப்பெண் போடுவதற்காகப் படத்தை வீட்டுக்குக் கொண்டுவந்தேன். உங்கள் மருமகன் பிறந்ததிலிருந்து எப்படித் தூங்கினான் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. நீங்கள் வந்து தங்கிவிட்டு, "எனக்கு ஆபீஸ்ல வேலை இருக்கு" என்று ஞாயிற்றுக்கிழமை கிளம்பினீர்களே. அவனை இடுப்பில் வைத்துக்கொண்டே போனைச் சுவரில் சாய்த்துப் படத்தை ஓடவிட்டேன். ‘புயலே’ என்ற சொல் முடிவதற்குள் அவன் தலை என் தோளில் விழுந்தது. நான் தாய் அல்லவா, குழந்தைக்கு மயக்கம் என்றுதான் முதலில் நினைத்தேன். மூக்கடியில் விரல் வைத்துப் பார்த்தேன், கன்னத்தைத் தட்டினேன், உங்கள் தம்பியைக் கூப்பிட்டேன், அவரும் மூக்கடியில் விரல் வைத்துப் பார்த்தார். எல்லாருமாகச் சேர்ந்து அவனை எழுப்பிவிட்டோம். மறுபடி படத்தைப் போட்டேன். மறுபடி தலை விழுந்தது. டாக்டரிடம் தூக்கிக்கொண்டு ஓடினேன். "என்ன பண்றான்?" என்றார். "தூங்கறான் டாக்டர்." "எப்பத்துல இருந்து?" "போனைப் போட்டதுல இருந்து." அவர் பேனாவை மூடி வைத்துவிட்டு, "ஏம்மா, தூங்காத பிள்ளையைத் தூக்கிட்டு வர்றவங்க வெளியில அத்தனை பேர் நிக்கறாங்க. வீட்டுக்குப் போய் நீயும் தூங்கு" என்றார். திட்டினாரா வாழ்த்தினாரா என்று இன்னும் எனக்கு விளங்கவில்லை.

அன்றிலிருந்து அந்தப் படம் இல்லாமல் இந்த வீட்டில் தூக்கம் இல்லை. ஒரு தரம் ஓடி முடிந்தால் போதாது, அவன் ஆழ்ந்து போகும்வரை திரும்பத் திரும்ப ஓட வேண்டும். முன்னோட்டம் அதே கோப்பில் படத்தின் வாலில் ஒட்டியிருக்கிறது. படம் முடியப் போகும்போதெல்லாம் விரலை நீட்டி முதலிலிருந்து போட்டுவிடுவேன். வாலில் இருப்பதைப் பார்க்க வாய்ப்பே வரவில்லை. அதுவும் இதே போல இழுவையாகத்தானே இருக்கும் என்று விட்டுவிட்டேன். அடுத்த வீட்டுப் பெரியம்மா ஒரு நாள் கதவைத் தட்டி, "உங்க வீட்டுல யாராவது வயசானவங்க முடியாம கெடக்காங்களா? ஒரே முனகலா கேக்குதே, தனியா சமாளிக்கறியேன்னு மனசு கேக்கல" என்றார். அது பாட்டு என்று விளக்கினேன். நம்பவில்லை. உள்ளே கூப்பிட்டுக் காட்டினேன். நாற்காலியில் உட்கார்ந்தவரை அவருடைய மருமகள் வந்து எழுப்பிக் கூட்டிக்கொண்டு போனாள். மறுநாள் காலை அவரே வந்து, "அந்த முனகலை என் போன்லயும் ஏத்திக் குடு கண்ணு" என்றார்.

சுவரொட்டியின் கதை தனி. பத்தடி தள்ளி நின்று படிக்க முடிகிறதா என்று பார்க்க வேண்டும் என்பது விதி ஆயிற்றே, கூடத்துச் சுவரில் ஒட்டினேன். சும்மா சொல்லக்கூடாது, பசைக்கு மட்டும் தனி மதிப்பெண் இருந்திருந்தால் முழுசாகப் போட்டிருப்பேன். இனி வீட்டுக்காரர் சுவரைத்தான் மாற்ற வேண்டும். நெட்டை ஆளுயரத்துக்கு முடி பறக்க நிற்கிறான். கீழே கொட்டை எழுத்தில், ‘புயல்: உங்கள் தூக்கத்தைக் கெடுக்க வருகிறது’. அதற்குக் கீழே தரையில் உங்கள் மருமகன் வாயைத் திறந்துகொண்டு தூங்குகிறான். மேலட்டையிலோ, ‘கேட்டபின் உட்கார மாட்டீர்கள்’ என்று போட்டிருக்கிறார்கள். அது உண்மை, படுத்துவிடுகிறோம். விழித்திருக்கும் நேரத்தில் பிள்ளை சுவரொட்டியைக் காட்டி "ப்பா, ப்பா" என்கிறான். முதல் பேச்சு, அண்ணி. உங்கள் தம்பி சட்டையை மாட்டிக்கொண்டே அதைப் பார்த்துவிட்டு, "நான் இன்னும் உயிரோடதான் இருக்கேன்னு அவன்கிட்ட யாராவது சொல்லுங்கப்பா" என்று சொல்லிவிட்டு வேலைக்குப் போனார். மாலையில் முடியை மேலே தூக்கி வாரிக்கொண்டு வந்தார்.

இப்போது என் நிலைமைக்கு வருகிறேன். நம் கேள்வியை வைத்துப் பார்த்தால் இந்தப் படம் தவறிவிட்டது. புயல் என்றார்கள், ஆள் எழுந்து ஓடுவான் என்றார்கள், பார்த்தவன் குறட்டை விடுகிறான். விளம்பரமும் தவறிவிட்டது, தூக்கத்தைக் கெடுப்பேன் என்று சொல்லித் தூங்க வைத்திருக்கிறது. அதைத் தெரிந்துகொண்டே நான் பேனாவை எடுத்து, ‘வேகம் என்ற மாயையை நிதானத்தால் விசாரணைக்கு உட்படுத்தும் துணிச்சலான படைப்பு’ என்று அரைப் பக்கம் எழுதினேன். எழுதிப் படித்துப் பார்த்தால் எனக்கே வெட்கமாகிவிட்டது. என் பிள்ளை தூங்கியதற்கு ஒரு பெண்ணுக்கு மதிப்பெண்ணா? அப்படியானால் நேற்று அவனுக்குப் பிடித்த சோப்புப் பெட்டிக்கும் ஒரு சான்றிதழ் கொடுக்க வேண்டியதுதான். கிழித்துப் போட்டேன். சரி, கறாராகப் போடலாம் என்று உட்கார்ந்தால் அந்தப் பெண்ணின் முகம் வருகிறது. போன வருஷமும் இதே பாடத்தில் தவறியவள். ஒரு எடிட்டிங் ஸ்டூடியோவில் அவளுக்காக ஒரு நாற்காலி காத்திருக்கிறது, தேறினால்தான் உட்கார முடியும். நன்றாகச் செய்யத் தெரிந்தவள் என்பது அவள் வெட்டியிருக்கும் இடங்களைப் பார்த்தாலே தெரிகிறது. ஆனால் நான் அப்படிச் சொல்வது என் கண்ணா, என் தூக்கமா? நன்றாகத் தூங்கிய மனுஷிக்கு எதைப் பார்த்தாலும் அழகாகத் தெரிகிறது, அண்ணி. நேற்று உங்கள் தம்பிகூட.

ஆகவே மனதைக் கல்லாக்கிக்கொண்டு எழுதுகிறேன். இந்தக் குழுவை என் கையிலிருந்து எடுத்து, விதிப்படி இரண்டாவது மதிப்பீட்டாளரான நம் ‘ஸ்கேல்’ சாரிடம் கொடுத்துவிடுங்கள். போன வருஷம் அவளைத் தவறவிட்டவர் அவர்தான், இந்த வருஷமும் படத்தை ஓடவிட்டு ஒரு கொட்டாவி விட்டுவிட்டு அதையேதான் செய்வார் என்பது எனக்குத் தெரியும். தெரிந்தும் கேட்கிறேன். அவளை என் வாயால் தவறியவள் என்று சொல்ல வரவில்லை, தேறியவள் என்று சொல்லவும் யோக்கியதை இல்லை. அவளிடம் நானே போய்ச் சொல்லிக்கொள்கிறேன்.

அண்ணனுக்கு என் வணக்கத்தையும் பிள்ளைகளுக்கு என் அன்பையும் சொல்லுங்கள். உங்கள் முழங்காலுக்கு என் மருத்துவக் குறிப்பு எதுவும் இல்லை, அக்கறை மட்டும்தான். உங்கள் வீட்டில் எல்லாரும் நேரத்துக்குச் சாப்பிட்டு நேரத்துக்குத் தூங்கி எழ வேண்டும் என்பது, இன்றைய நிலையில் நான் யாருக்கும் சொல்லக்கூடிய மிகப் பெரிய வாழ்த்து. இந்தக் கடிதத்தைக் கொண்டுவரும் உங்கள் தம்பி நின்றுகொண்டே தூங்கினால் தட்டி எழுப்பி ஒரு தேநீர் கொடுத்து அனுப்பவும்.

இப்படிக்கு,
பணிவும் களைப்பும் கலந்த
உங்கள் தம்பி மனைவி

பின்குறிப்பு: மேலே எழுதியதில் நலம் விசாரித்ததைத் தவிர மற்ற எல்லாவற்றையும் அடித்துவிடுங்கள். உங்களுக்கு வாழ்த்து எழுதுகிற மும்முரத்தில் படத்தை முதலிலிருந்து போட மறந்துவிட்டேன். துணி மெஷின் நின்று வீடே அமைதியாக இருந்த நேரத்தில், வாலில் இருந்த முன்னோட்டம் ஓடியது. குட்டித் துண்டு என்பதால் அதை வேகமாக்க மெஷின் ஒத்துக்கொண்டிருக்கிறது போலும், பாட்டை மெதுவாக்குவதற்கு முன்பே செய்து முடித்திருக்கிறார்கள். அவள் அதைத்தான் வாசலில் நின்று சொன்னாள் போலிருக்கிறது. நிஜ வேகம், நிஜக் குரல், நெட்டை காற்றைக் கிழித்துக்கொண்டு ஓடுகிறான். பிள்ளை வீரிட்டு எழுந்தான். உங்கள் தம்பி சோபாவிலிருந்து குதித்துத் தலையணையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வாசல்வரை ஓடிவிட்டு, "குழந்தையை எடுத்துட்டேன், நீ வெளியில வா" என்றார். பெரியம்மா சுவரைத் தட்டி, "பெரியவருக்கு என்ன ஆச்சு?" என்றார். நான் சுவரொட்டியை நிமிர்ந்து பார்த்தேன். உங்கள் தூக்கத்தைக் கெடுக்க வருகிறது. சொன்னதைச் செய்கிறதா என்றால், செய்கிறது, ஒருவரும் மிச்சமில்லை. விளம்பரத்துக்கு முழு மதிப்பெண் போட்டுவிட்டேன். படத்துக்கு நியாயமாக வருகிற குறைந்த மதிப்பெண்ணையும் சேர்த்தால் அவள் தேறிவிட்டாள். இதில் பாரபட்சம் என்று ஸ்கேல் சார் வாயைத் திறந்தால் சொல்லுங்கள்: இந்த மதிப்பெண்ணைப் போடும்போது அந்தப் பெண் மேல் எனக்கு இருந்த கோபம் இந்த ஜென்மத்தில் யார் மேலும் இருந்ததில்லை.

பிள்ளை இப்போது அழவில்லை. சுவரொட்டியைப் பிடித்துக்கொண்டு முழங்காலை மடக்கி மடக்கி ஆடுகிறான். பழையதைப் போட்டால் போனைத் தட்டிவிடுகிறான். வேகமானதுதான் வேண்டுமாம்.