அலுமாரிக் கடிதங்கள்

மாதம் முடிவதற்குள் எல்லோரும் ஏஐ பழகிவிட வேண்டும் என்றார் எங்கள் மனேஜர் ஹலீம். என் காதில் அது ‘ஐயோ’ என்றுதான் விழுந்தது.

கண்டியில் தளபாடம் விற்கும் கம்பெனி எங்களுடையது. முறைப்பாடுகளுக்குப் பதில் எழுதுவது என் வேலை. அலுமாரிக் கதவு மூடவில்லை, கதிரைக் கால் ஆடுகிறது; பத்தொன்பது வருஷமாக எல்லோரிடமும் மன்னிப்புக் கேட்டுவருகிறேன். மேல்மாடி இளசுகள் ஏஐயிடம் கேட்டு நிமிஷத்துக்கொரு கடிதம் அனுப்பினார்கள். கீழே நானும் பக்கத்து மேசைப் பாலம்மாவும் பழைய கடிதத்தில் பெயரை மட்டும் மாற்றிக்கொண்டிருந்தோம். பழகாதவர்களை ஊருக்கு வெளியே கலகெதர களஞ்சியத்துக்குச் சாமான் தூக்க மாற்றப்போவதாகப் பேச்சு அடிபட்டது. எனக்குச் சோறு இறங்கவில்லை.

இளசுகளிடம் போய்க் கேட்க மானம் விடவில்லை. என் மனைவி சுபாஜினி பாடசாலை ஆசிரியை. எனக்குக் கைவிரல் வலி என்று சொல்லி, முறைப்பாடுகளை அவளிடம் தள்ளிவிட்டேன். மறுநாள் காலையில் பத்துப் பதில்கள் என் போனுக்கு வந்துவிட்டன. வாசித்தால் அலுமாரியே அழுதுவிடும். ஏஐ எழுதியது என்று சொல்லி ஹலீமிடம் காட்டினேன். பாராட்டினார்.

மூன்று வாரம் இப்படியே ஓடியது. அவர் என் மேசைப் பக்கம் வந்தாலே போனைக் கவிழ்த்து வைப்பேன். நேற்று வந்தேவிட்டார்.

“அழகமுத்து, சனிக்கிழமை ஏஐ வகுப்பு. நீங்க முன்னுக்கு இருக்கணும்.”

வகுப்பு எடுக்கச் சொல்கிறார்! வீட்டுக்கு ஓடிவந்து சுபாஜினியிடம் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். அவள் வெங்காயம் நறுக்குவதை நிறுத்தவில்லை.

“அதுல ஒன்னுகூட நான் எழுதலைங்க. ஏஐதான் எழுதிச்சு. ஸ்கூல்ல நாலு மாசமா அதுலதான் பாடக்குறிப்பே எழுதுறோம்.”

ஆக, நான் மனேஜரிடம் சொன்னதெல்லாம் உண்மை. மூன்று வாரமாக உண்மையைச் சொல்லிவிட்டு நடுங்கியிருக்கிறேன்.

“ஏன் என்கிட்ட சொல்லல?”

“‘என் மனைவி எழுதினது’ன்னு மனசுக்குள்ள பெருமைப்பட்டீங்களே. கெடுக்க விருப்பமில்ல.”

சனிக்கிழமைக்குள் எனக்கும் பழக்கிவிடும்படி கெஞ்சினேன். அவசரமில்லை என்றாள். போன வாரக் கடிதமொன்றில் என் பெயருக்குப் பதிலாக அவள் பெயரும் போன் நம்பரும் தவறுதலாக விழுந்துவிட்டனவாம். அதைப் பார்த்து ஹலீம் அவளுக்கே கோல் எடுத்துப் பேசினாராம். வகுப்பு எடுக்கப்போவது அவள். முன்னுக்கு என்று அவர் எனக்குச் சொன்னது முதல் வரிசைக் கதிரையை.

சுபாஜினி வெங்காயத்தைச் சட்டியில் போட்டாள்.

“அங்க வந்து சுபான்னு கூப்பிட்டுறாதீங்க. டீச்சர்னு சொல்லணும்.”