கோட்டுக்குக் கீழே மச்சான் குடும்பம்

கணக்கு வாத்தியார் வேலை பார்த்தும் இன்னும் மூளை கலங்காமல் இருக்கும் என் அருமை மருமகனுக்கு, உன் தாய்மாமனும், இந்தப் பூங்காவின் ரோலர் கோஸ்டரை ஒற்றை ஆளாகக் கட்டி மேய்ப்பவனுமாகிய நான் எழுதிக்கொண்டது. இங்கே நானும் உன் அத்தையும் நலம். வீட்டில் இருக்கும் மற்றவர்களும் நலம். அவர்கள் யார், ஏன் இத்தனை பேர் என்பதைப் போகப் போகச் சொல்கிறேன். அங்கே என் அக்கா, உன் மனைவி, குழந்தைகள் எல்லோரும் சுகம் என்று நானே வைத்துக்கொள்கிறேன், உன் பதிலைப் படித்துத் தெரிந்துகொள்ளும் பாக்கியம் எனக்கு இதுவரை வாய்த்ததில்லை.

விஷயம் இதுதான். வருகிற வெள்ளிக்கிழமை எங்கள் பூங்கா திறக்கிறது. திறக்கப்போவது முதலாளி. திறக்க வைத்தது நான்.

தொற்று வந்ததிலிருந்து அரசாங்கம் நாட்டை மண்டலம் மண்டலமாகப் பிரித்து வண்ணம் பூசியிருப்பது உனக்குத் தெரியும். லட்சம் பேரில் எத்தனை பேருக்குத் தொற்று என்று வாரா வாரம் பார்க்கிறார்கள். ரொம்ப அதிகம் என்றால் சிவப்பு, கொஞ்சம் தணிந்தால் ஆரஞ்சு, இன்னும் தணிந்தால் மஞ்சள். ஆரஞ்சில் முடி வெட்டிக்கொள்ளலாம், செருப்பு வாங்கலாம், ஆனால் ரோலர் கோஸ்டரில் ஏறக் கூடாது. மஞ்சள் வந்தால்தான் பூங்கா. பக்கத்து மண்டலம் எப்போதோ மஞ்சளாகி, அங்கே ஒரு சறுக்குமரத்தையும் தண்ணீர்த் தொட்டியையும் வைத்துக்கொண்டு பூங்கா என்று சொல்லித் திரிகிறவன்கூடத் திறந்துவிட்டான், நாங்களோ ஆரஞ்சிலேயே படுத்துக் கிடந்தோம். ஒருநாள் முதலாளி எங்களை எல்லாம் கூப்பிட்டார். "பள்ளிக்கூட லீவு முடியறதுக்குள்ள திறக்கலன்னா என்னால தாக்குப்பிடிக்க முடியாதுப்பா. கோஸ்டரைப் பழைய இரும்புக்குப் போட்டுட வேண்டியதுதான்" என்றார். சொன்ன கையோடு வெளியூரிலிருந்து ஓர் இரும்பு வியாபாரியையும் வரவழைத்துவிட்டார். அந்த ஆள் டேப்பும் சுத்தியலுமாக வந்து, டாக்டர் நோயாளி வயிற்றைத் தட்டிப் பார்ப்பதுபோல என் கோஸ்டரை அங்கங்கே தட்டிப் பார்த்து, "நல்ல கனம்" என்று தலையாட்டினார். எனக்கு அன்று சாப்பாடே இறங்கவில்லை. இரண்டாம் முறை சோறு போட்டுக்கொண்டதோடு நிறுத்திவிட்டேன்.

அப்போதுதான் யோசனை உதித்தது. நான் ஆறாம் வகுப்போடு படிப்பை நிறுத்திவிட்டேன் என்று உன் அம்மா பார்க்கிறவர்களிடம் எல்லாம் சொல்வாள். உண்மையில் எனக்கு மேற்கொண்டு சொல்லித்தர அந்தப் பள்ளிக்கூடத்திடம் சரக்கு இல்லை. நீ கணக்குப் பாடம் நடத்துகிறவன், நிதானமாகக் கேள். மேலே நோயாளிகள், நடுவில் ஒரு கோடு, கீழே ஊர் ஜனம். மேலே இருப்பதைக் குறைக்க பெரிய பெரிய டாக்டர்களாலேயே முடியவில்லை. சரி, கீழே இருப்பதைக் கூட்டினால்? விகிதம் தானாக இறங்கிவிடாதா? மந்திரிகளும் விஞ்ஞானிகளும் கோட்டுக்கு மேலேயே அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள், ஒருவராவது குனிந்து கீழே பார்த்தார்களா? நான் பார்த்தேன். உடனே உன் அத்தையைக் கூப்பிட்டு, "உங்க அண்ணன் குடும்பத்தை வந்து நம்மோட இருக்கச் சொல்லு" என்றேன்.

அவள் என் நெற்றியில் கை வைத்துப் பார்த்தாள். "கல்யாணமாகி இத்தனை வருஷத்துல எங்க அண்ணனை நீங்களா வாய் தொறந்து கூப்பிடறது இதான் முதல் தடவை. உடம்புக்கு ஏதாவது பண்ணுதா?"

"ஊருக்காகக் கூப்பிடறேன். கீழ தலை கூடணும்."

"கீழயா? நம்ம வீட்டுக்கு மாடியே கிடையாதே!"

அவளுக்கு விளக்கிப் பயனில்லை என்று விட்டுவிட்டேன். மச்சான் வந்தார், மனைவி மக்களோடு. அவர் குறட்டைக்கு நாங்கள் வைத்த பெயர் 'ஜெனரேட்டர்'. பின்னாலேயே என் கொழுந்தியாள் வந்தாள், அவள் கணவனோடும் மாமியாரோடும். எல்லோரும் மஞ்சள் மண்டலத்துக்காரர்கள், டெஸ்ட் எடுத்து, தொற்று இல்லை என்று சீட்டு வாங்கிக்கொண்டு வந்தவர்கள், அத்தனையும் சுத்தமான சரக்கு. வீட்டில் இருப்பதோ இரண்டு அறை, ஒரு குளியலறை. வேறு யாராக இருந்தாலும் திணறியிருப்பார்கள். எனக்குக் கூட்டத்தைக் கையாளுவதுதானே தொழில்? பூங்காவிலிருந்து கயிறும் கம்பமும் கொண்டுவந்து, ஹாலில் வளைத்து வளைத்து வரிசை கட்டி, குளியலறைக் கதவருகே நின்று, ஒருவர் வெளியே வந்தால் ஒருவரை உள்ளே விட்டேன். மச்சான் ஒருநாள் கயிற்றுக்கு அடியில் குனிந்து நுழையப் பார்த்தார். திருப்பி அனுப்பிவிட்டேன். "அவசரம் மாப்பிள்ளை" என்றார். "அவசரக்காரங்க யாரும் வரிசை தாண்டி என் வண்டியில ஏறினதில்ல" என்றேன். அப்புறம் நடந்ததை எழுத வேண்டாம்.

இதற்குள் இரும்பு வியாபாரிக்கு ஒரு சங்கடம். தங்கும் விடுதிகள் எல்லாம் அடைப்பு, முதலாளியோ லீவு முடியும்வரை பொறு என்கிறார், மனிதர் பூங்கா கேட்டில் பைமேல் உட்கார்ந்திருந்தார். நான் போய்க் கையோடு கூட்டி வந்துவிட்டேன். உன் அத்தை சமையலறைக்குள் இழுத்துப் பல்லைக் கடித்தாள். "உங்க பொழப்பை அறுத்துத் தூக்கிட்டுப் போக வந்த ஆளு. அவருக்கு நான் டீ போட்டுத் தரணுமா?"

"அவருக்கும் ஒரு தலை இருக்குல்ல? கோட்டுக்குக் கீழ இருந்துட்டுப் போகட்டும். டீயில சர்க்கரை மட்டும் கம்மியா போடு."

எதிரியையே நம் பக்கம் எண்ணிக்கையில் சேர்த்துவிட்டேன், இது எப்படி இருக்கிறது?

விளைவைக் கேள். அடுத்த அறிவிப்பிலேயே எங்கள் மண்டலம் மஞ்சள்! ஊரார் ஒழுங்காக வீட்டில் அடங்கி இருந்ததால்தான் என்று செய்தியில் சொன்னார்கள். சொல்லட்டும், நான் விளம்பரம் தேடுகிறவன் இல்லை. முதலாளி ஓடி வந்து, கட்டிக்கொள்ள விதி இடம் தராததால் முழங்கையால் என்னை நாலு இடி இடித்தார். பிறகு சுகாதார ஆய்வாளர் அம்மா சோதனைக்கு வந்தார். முகக்கவசம் கட்டாயம், ஒரு இருக்கை விட்டு ஒரு இருக்கை, முக்கியமாக யாரும் கத்தக் கூடாது, கத்தினால் எச்சில் தெறிக்குமாம். முன் வரிசையில் அவரே ஏறி உட்கார்ந்தார். நான் லீவரைத் தள்ளினேன். வண்டி உச்சிக்குப் போய், கவிழ்ந்து, சுழன்று, திரும்பி வந்து நின்றது. அந்த அம்மாவிடமிருந்து ஒரு சத்தம் இல்லை. இறங்கினார், நேராக டிக்கெட் கூண்டுக்குப் பின்னால் போனார், சுவரைப் பார்த்து நின்று ஒரு கத்து கத்தினார் பார், மரத்திலிருந்த காக்கை எல்லாம் கலைந்துவிட்டது. பூங்கா மேலாளர் பதறிப்போய், "என்னாச்சு மேடம்?" என்றார். "ஒண்ணுமில்ல. அங்க கத்தக் கூடாதுல்ல" என்று சொல்லி, அனுமதி தந்துவிட்டுப் போனார்.

திறப்பு விழாவுக்கு நுழைவாயில் முழுக்கப் பலூன் வளைவு வைக்க வேண்டும் என்பதும் என் ஏற்பாடுதான். பம்ப் எதற்கு, வீட்டில் இத்தனை நுரையீரல் சும்மா கிடக்கும்போது? மழைச்சாரல் அடிக்கிறது என்று ஜன்னலைச் சாத்திவிட்டு, எல்லோரும் ஹாலில் வட்டமாக உட்கார்ந்து ஊதினோம். ஒருவருக்கு மூச்சு முட்டினால் பாதியில் அடுத்தவரிடம் கொடுத்துவிடுவார், அவர் மீதியை ஊதுவார்; இந்தக் கூட்டுமுயற்சி முறையைக் கண்டுபிடித்ததும் நான். முதல் மூச்சு என்னுடையது. இரும்பு வியாபாரிக்கு என்ன நெஞ்சு! ஒரே மூச்சில் பூசணி அளவுக்கு ஊதுகிறார். எனக்குத்தான் தொண்டையில் சின்னக் கரகரப்பு, எல்லோருக்கும் உத்தரவு போட்டுப் போட்டு வந்தது.

ஆகவே நீ குடும்பத்தோடு புதன்கிழமையே வந்துவிடு. கோட்டுக்குக் கீழே இன்னும் நாலு தலை சேர்ந்தால் மஞ்சள் கெட்டிப்படும். படுக்க இடம் இருக்கிறதா என்று யோசிக்காதே, மச்சானைக் கொஞ்சம் நகர்த்திக்கொள்ளலாம். அக்காவுக்கு என் வணக்கம், உன் மனைவிக்கு என் அன்பு, குழந்தைகள் என்னைப் போல உயரமாகவும் உன் அத்தையைப் போல அழகாகவும் வளர ஆசீர்வாதம்.

இப்படிக்கு,
ஊரையே மஞ்சளாக்கிய உன் மாமா

பி.கு.: வராதே. யாரும் வர வேண்டாம். இந்தக் கடிதத்தைத் தபாலில் சேர்ப்பதற்குள் என் கரகரப்பு காய்ச்சலாகி, பலூன் ஊதிய அத்தனை பேருக்கும் தொற்று என்று வந்துவிட்டது. ஆய்வாளர் அம்மா ஜன்னலுக்கு வெளியே நின்று எண்ணினார். நானும் விடவில்லை. "மேல சேர்க்கறீங்க சரி, கீழயும் சேருங்க மேடம்" என்றேன். "கீழ இருக்கறது பழைய கணக்கெடுப்புங்க. நீங்க கூட்டிட்டு வந்த யாரும் அதுல கிடையாது" என்றார். "மேல?" "மேல எல்லாரும் உண்டு." மஞ்சளுக்கும் ஆரஞ்சுக்கும் நடுவில் நூலளவுதான் இருந்ததாம், அதை எங்கள் ஹாலே தாண்டிவிட்டது. வெள்ளிக்கிழமை ரத்து. முதலாளி தெருவில் நின்றே கத்தினார், முகக்கவசம் இருந்ததால் பாதிதான் காதில் விழுந்தது. கோஸ்டரை உடனே அறுத்து எடுத்துப் போகச் சொன்னார். ஆனால் அறுக்க வேண்டியவர் என் ஹாலில் போர்வைக்குள் கிடக்கிறார், வெளியே போக அனுமதி இல்லை, அவருடைய ஆட்களுக்கோ, எங்கள் ஹால் விவகாரத்துக்குப் பிறகு வந்த புது உத்தரவுப்படி, மண்டலத்துக்குள் வர அனுமதி இல்லை. அவர் படுத்திருக்கும் இடத்திலிருந்து ஜன்னல் வழியாகக் கோஸ்டரின் உச்சி மட்டும் தெரிகிறது. நேற்று, "அங்கேருந்து கீழ வரும்போது எப்படிங்க இருக்கும்?" என்று கேட்டார். கொஞ்சம் கூட்டித்தான் சொன்னேன். "அறுக்கறதுக்கு முன்னாடி ஒரு தடவை ஏறிப் பாத்துடணும்" என்கிறார், இந்த வீட்டில் மாத்திரையை நேரத்துக்குப் போட்டுக்கொள்கிறவர் இப்போது அவர் ஒருவர்தான். குணமானதும் சோதனை ஓட்டம் என்று சொல்லி நானே அவரை ஏற்றிவிடுவேன். வண்டி உச்சிக்குப் போனதும் நிறுத்துவேன். கோஸ்டரை அறுக்க மாட்டேன் என்று அங்கேயிருந்து அவர் கத்துகிறவரை இறக்க மாட்டேன். மேலாளரிடம் ஜன்னல் வழியாகக் கொடுத்து இதை அனுப்புகிறேன். சானிடைசர் தெளித்திருக்கிறேன், எழுத்து கலைந்திருந்தால் அதுதான் காரணம், அழுததாக உன் அம்மாவிடம் சொல்லிவிடாதே.