வாய்ப்பூட்டு சார் உட்கார்ந்த ஸ்டூல்

ஓசூர் தொழிற்பேட்டையில் ரகசியம் காப்பதில் வாய்ப்பூட்டு சாரை மிஞ்ச இன்னொருவர் பிறந்துதான் வரவேண்டும். மெஷின் சத்தத்தைக் கேட்டே கோளாறு சொல்லும் வெளி ஆலோசகர். ஏழெட்டுக் கம்பெனிகளுக்குப் போய்வருவார். எல்லா இடத்திலும் 'உள்ளே கண்டதை வெளியே சொல்ல மாட்டேன்' என்று ஒப்பந்தம். எங்கள் கம்பெனியில் அந்தக் கையெழுத்தை வாங்கியவன் சாட்சாத் அடியேன்தான். பர்சனல் ஆபீசர் என்கிற கெத்தில், "வாயத் தொறந்தா கேஸுங்க சார், வீடு வாசல் மிஞ்சாது" என்று ஒரு மிரட்டலும் போட்டு வைத்தேன். மனிதர் அதை வேதவாக்காகப் பிடித்துக்கொண்டார்.

ஒருநாள் மத்திகிரி டவுன் பஸ்ஸில் எனக்குப் பக்கத்து சீட். "சௌக்கியமா சார்?" என்றேன். என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தவர், "நீங்க யாருங்க?" என்றார். காலையில்தான் என் மேஜையில் காபி குடித்துவிட்டுப் போயிருந்தார். அவர் வீட்டம்மாவின் கதை இன்னும் மோசம். "ஜூஜுவாடிப் பக்கமா போறாருன்னு மட்டும் தெரியும், அதுவும் சட்டைப் பையில இருந்த பஸ் டிக்கெட்ட வெச்சு" என்று என் மனைவியிடம் சொல்லியிருக்கிறார்.

அந்த சமயத்தில் எங்கள் கம்பெனி தகட்டை அழுத்தி வளைக்கும் பழைய பிரஸ் மெஷின் ஒன்றை வாங்கியது. வாய்ப்பூட்டு சார் வந்து காது கொடுத்துக் கேட்டார். முகம் வெளுத்துவிட்டது. 'இதை ஓட்ட வேண்டாம்' என்று ஒரே வரி எழுதிக் கொடுத்தார்.

"ஏன்?" என்றார் முதலாளி.

"காரணம் சொல்றதுக்கில்லீங்க."

காரணமில்லாமல் எந்த முதலாளி மெஷினை நிறுத்துவார்? ஓடியது.

இரண்டு நாள் கழித்து, அதை ஓட்டுகிற ஆரோக்கியசாமி என்னிடம் வந்தான். "சார், மத்தியானம் ஷிப்டு மாறுற நேரத்துல அவரு வந்து என் முதுகுக்குப் பின்னால நிக்கிறாரு. ஒரு வார்த்த பேசறதில்ல. என் கையவே பாத்துக்கினு இருக்காரு. அவரப் போகச் சொல்லுங்க சார்."

வாட்ச்மேனைக் கேட்டேன். "கொத்தில்லா சார், எனக்குத் தெரியாது. கேட் நோட்டுல அவரு பேரே இல்ல" என்றார். ஷிப்டு கூட்டத்தோடு கூட்டமாக நுழைந்திருக்கிறார் என்பது பிறகுதான் புரிந்தது.

போய்ப் பார்த்தேன். நின்றுகொண்டிருந்தார். கண்கூட இமைக்கவில்லை.

"சார், இன்னிக்கு உங்களுக்கு இங்க வேலை இல்லியே?"

"நான் வரலீங்களே" என்றார், என் எதிரிலேயே நின்றுகொண்டு. பட்டப்பகலில் எனக்கு உடம்பு புல்லரித்துப் போயிற்று.

மறுநாளும் வந்தார், அதற்கு மறுநாளும் வந்தார். யாரோ மெஷினில் எலுமிச்சம்பழம் கட்டினார்கள். ஆரோக்கியசாமி பக்கத்தில் ஜெபமாலையைத் தொங்கவிட்டான். அவர் இரண்டையும் பார்த்துவிட்டு மறுபடி அவன் கையைப் பார்த்தார்.

ஐந்தாம் நாள் ஆரோக்கியசாமியின் ஸ்டூலில் ஏறி உட்கார்ந்துவிட்டார். அவன் ஓடிவந்து என்னை இழுத்துப் போனான்.

"எந்திரிங்க சார், வேலை கெடுது" என்றேன்.

மாட்டேன் என்று தலையை ஆட்டினார். கை இரண்டும் மடியில், கால் மெஷினை இறக்கும் பெடலை விட்டு ஒரு முழம் தள்ளி.

அப்போது மெஷின் தானாக இறங்கியது. உள்ளே பாதி செருகிக் கிடந்த தகடு அப்பளமாக நசுங்கியது. மேலே போனது, மறுபடி இறங்கியது. ஓடிப்போய் மெயினை அணைத்தேன். ஆரோக்கியசாமி தன் இரண்டு கைகளையும் விரித்து விரித்துப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"உயிர் போற விஷயத்துக்கு அந்தப் பேப்பர் தடையே இல்லையே சார். சொல்லியிருக்கலாமே?" என்றேன்.

"இந்த மெஷின் முன்னாடி இருந்த எடத்துலயும் உங்கள மாதிரி ஒருத்தர் கேஸுன்னு சொன்னாருங்க. ஒரு பையனுக்கு ரெண்டு கையும்..." என்றவர் சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டார். எனக்குத் தெரிந்து அவரிடமிருந்து கசிந்த ரகசியம் அது ஒன்றுதான்.

ஆரோக்கியசாமி அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதான். விடவே இல்லை. அவருடைய இன்னொரு கை வாயைப் பொத்தியபடியே இருந்தது. அதை நான் பிடித்துக்கொண்டேன்.