‘தொடக்கூடாது’ பெட்டி

"அடுத்த ஃபிளாப்பியைச் செருகவும்" என்று திரை கேட்டது. அவர் கையில் ஒன்றுகூட மிச்சமில்லை.

செருப்புத் தொழிற்சாலையின் பழைய யூனிக்ஸ் கம்ப்யூட்டர் மெஷினைச் சாயங்காலம் தூக்கிக்கொண்டு போகப்போகிறார்கள். அதற்குள் அதிலுள்ள தோல் வெட்டும் அளவுகளையெல்லாம் ஃபிளாப்பியில் ஏற்றி வைக்க வேண்டும். "முடியலேன்னா சொல்லு, பழையபடி மூட்டை தூக்கப் போ" என்றிருந்தார் மேனேஜர். முதுகு போன பிறகு கிடைத்த நாற்காலி அது.

டார் என்ற கட்டளை எல்லாக் கோப்புகளையும் ஒரே மூட்டையாகக் கட்டும். ஒரு ஃபிளாப்பி நிறைந்ததும் அடுத்ததைக் கேட்கும். மூட்டை அவருக்குப் புதிதல்ல. ஆனால் இப்படி வாய் ஓயாமல் கேட்கும் மூட்டையை அவர் பார்த்ததில்லை.

சாப்பாட்டு வேளையில் தையல் பிரிவிலிருந்து வந்த மனைவி, அலமாரியைக் குடைந்து ஒரு பெட்டியை எடுத்தாள். உள்ளே நிறைய ஃபிளாப்பி. மூடியில் ‘தொடக்கூடாது’ என்று எழுதியிருந்தது.

"யாரோடதோ என்னமோ. வேணாங்க" என்றாள் அதைப் படித்துவிட்டு.

"தொடக்கூடாதுன்னுதானே போட்டிருக்கு? செருகக்கூடாதுன்னா போட்டிருக்கு?"

செருகினார். உள்ளே ஏற்கெனவே என்ன இருக்கிறது என்று மெஷின் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதன் மேலேயே எழுதித் தள்ளியது.

அவசரத்தில், மெஷின் எழுதிக்கொண்டிருக்கும் விளக்கு எரியும்போதே ஒன்றை உருவிவிட்டார். மெஷின் முறைத்துக்கொண்டு நின்றது. முதலிலிருந்து தொடங்கினார். பாதி ஏறியதும், மேசையைத் துடைக்கிறேன் பேர்வழி என்று மனைவி ஃபிளாப்பிகளையெல்லாம் அழகாக அடுக்கிவைத்தாள். எது முந்தி, எது பிந்தி? தெரியவில்லை. மறுபடியும் முதலிலிருந்து.

"உதவிதானே பண்ணேன்?"

"தாயே, நீ போய்த் தையலைப் பாரு. அதாவது உருப்படட்டும்."

அவள் போகவில்லை. காகிதம் கிழித்து, எண் எழுதி, ஒவ்வொன்றிலும் ஒட்டினாள். ஒரு காகிதம் மெஷினுக்குள்ளேயே உரிந்து மாட்டிக்கொண்டது. தையல் ஊசியால் நெம்பி எடுத்ததும் அவள்தான்.

மெஷினைத் தூக்க ஆட்கள் வாசலில் வந்து நின்றபோது, கடைசி ஃபிளாப்பி ஏறி முடிந்தது.

காலையிலேயே பல் வைத்தியரிடம் போயிருந்த ஆபீஸ் டைப்பிஸ்ட் பெண் வீங்கிய கன்னத்தோடு வந்தாள். காலிப் பெட்டியைப் பார்த்தாள்.

"அண்ணே, இதுல இருந்ததெல்லாம் எங்க?"

"உன்னோடதா தங்கச்சி? எல்லாத்தையும் அழிச்சுட்டேன்மா. மேனேஜர்கிட்ட நானே போய்ச் சொல்லிடறேன். அதுல என்னம்மா இருந்துச்சு?"

"இதே அளவுங்கதாண்ணே! உங்க முதுகோட அவ்வளவு நேரம் உட்கார முடியாதேன்னு நேத்தே நான் ஏத்தி வச்சுட்டேனே!"