நான்கு நாடுகள் செய்த நாற்காலி

ஒரு பெண்ணின் இடுப்பு வலிக்காக நான்கு நாடுகள் ஒன்றுகூடி ஒப்பந்தம் போட்ட பெருமை, உலகிலேயே ஹோண்டுராஸின் சோலோமா நகரத்துக்கு மட்டுமே உண்டு. 'ஆடைத் தொழில் மேம்பாட்டுப் பன்னாட்டுக் கூட்டுறவுத் திட்ட'த்தின் உள்ளூர் ஒருங்கிணைப்பாளன் என்ற முறையில், அடக்கத்தோடு இதைப் பதிவு செய்கிறேன்.

இடுப்புக்குச் சொந்தக்காரியின் பெயர் எதுவினா. பனியன் தொழிற்சாலையில் ஓவர்லாக் மெஷினில் பதினோரு மணி நேரம் பனியனுக்குத் தோள் மூட்டுபவள். உட்கார மரப் பெஞ்சு. அதற்கு முதுகு கிடையாது. ஆகவே எங்கள் ஊர்ப் பெண்கள் பழந்துணி அடைத்த திண்டு ஒன்றை வீட்டிலிருந்து எடுத்து வருவார்கள். மாலையில் கேட்டில் காவலர் மெலேசியோ ஒவ்வொரு திண்டையும் அமுக்கிப் பார்ப்பார். உள்ளே தொழிற்சாலைத் துணி போய்விடக் கூடாதல்லவா?

"காலையில இத விட ஒல்லியா இருந்துச்சே" என்றார் ஒருநாள்.

"நாள் பூரா நான் மேல உக்காந்தும் உப்பியிருக்குன்னா, அதுக்கும் ஒரு சம்பளம் போடச் சொல்லுங்கண்ணே" என்றாள் எதுவினா.

அவளிடம்தான் நான் 'தேவைகள் கணக்கெடுப்பு'ப் படிவத்தோடு போனேன்.

"சாய்மானம் வச்ச நாற்காலி ஒண்ணு போதும் சார். மத்தியானத்துக்கு மேல இடுப்பு விட்டுப் போகுது. போன மாசம் தச்ச எண்ணிக்கை குறைஞ்சிருச்சு. இன்னொரு தடவ குறைஞ்சா வீட்டுக்குப் போன்னு எங்க வேலையப் பாக்குற இஞ்சினியர் சொல்லிட்டாரு."

'இருக்கைசார் உள்கட்டமைப்பில் இடைவெளி' என்று எழுதிக்கொண்டேன். இப்படி எழுதத் தெரிந்ததால்தான் எனக்கு இந்த வேலை.

பதினெட்டு மாதங்கள் உலகம் உழைத்தது. ஒரு நாடு சக்கரம் தந்தது, ஒரு நாடு சாய்மானம் தந்தது, ஒரு நாடு நிபுணரைத் தந்தது, நான்காவது நாடு ஆலோசனை தந்தது. ரோவத்தான் தீவின் கடற்கரை ஹோட்டலில் ஆறு கூட்டங்கள் நடந்தன. நாற்காலி என்றால் என்ன என்பதில் மூன்றாவது கூட்டத்திலேயே உடன்பாடு ஏற்பட்டுவிட்டது.

நிபுணர் நேரில் வந்து எதுவினாவை விசாரித்தார். இடையில் நான் மொழிபெயர்த்தேன்.

"எப்ப வலிக்குது?"

"உக்காரும்போது."

"அப்ப பிரச்னை உக்கார்றதுலதான் இருக்கு." இதைக் கோடிட்டு எழுதிக்கொண்டார்.

"நிக்கும்போதும் வலிக்குது சார்."

"அது இந்தத் திட்டத்துல வராது."

அவருடைய முதல் பரிந்துரை உடனே அமலானது. திண்டுகள் 'சர்வதேசத் தரத்துக்கு ஒவ்வாத இருக்கை உபகரணங்கள்' என்று அறிவிக்கப்பட்டன. மெலேசியோ அத்தனையையும் மூட்டை கட்டி உள்ளே பூட்டினார்.

"நாற்காலி வர்ற வரைக்கும் எதுல சார் உக்கார்றது?" என்று கேட்டாள் எதுவினா.

"வரப்போகுதுல்ல?" என்றேன்.

இரண்டே மாதத்தில் வந்தது. மாதிரிக்காக ஆறு. தொடக்க விழாவில் கொடிகள், பேச்சு, பீன்ஸ் வைத்து மடித்த பலேயாதா ரொட்டி. நான்கு நாட்டுப் பிரதிநிதிகள் நான்கில் அமர்ந்தார்கள். ஐந்தாவதில் இஞ்சினியர். ஆறாவது ஒருங்கிணைப்பாளருக்கு.

"இனி தொழிலாளியின் முதுகுக்குப் பின்னால் நான்கு நாடுகள் நிற்கின்றன" என்றார் ஒரு பிரதிநிதி, உட்கார்ந்தபடியே.

படம் எடுப்பதற்காக என் நாற்காலியை எதுவினாவுக்கு விட்டுக்கொடுத்தேன். உட்கார்ந்தாள். மெல்லச் சாய்ந்தாள்.

"எந்திரிம்மா, எடுத்தாச்சு" என்றேன்.

"இன்னொண்ணு எடுங்க சார். கண்ண மூடிட்டேன்."

இன்னொன்று எடுத்தோம். அதிலும் மூடியிருந்தாள். மூன்றாவது எடுக்க நேரமில்லை. பிரதிநிதிகளுக்கு விமானம் இருந்தது.

நாற்காலிகள் ஓவர்லாக் மேசைக்கு அரை அடி உயரம் கூடுதல் என்று மறுநாள் தெரிந்தது. மேசையை யாரும் ரோவத்தானுக்குக் கொண்டுபோகவில்லை. ஆகவே ஆறும் பாதுகாப்பாகத் திட்ட அலுவலகத்துக்கு வந்து சேர்ந்தன.

அந்த மாதம் எதுவினாவின் எண்ணிக்கை குறைந்தது. இஞ்சினியர் சொன்ன சொல் தவறாதவர்.

போகும்போது கேட்டில் நின்று தன் திண்டைக் கேட்டாள்.

"உன்னுதுன்னு எழுத்துல ஏதாச்சும் இருக்கா?" என்றார் மெலேசியோ.

அவள் என்னைப் பார்த்தாள். நான் கைபேசியைப் பார்த்தேன்.

இறுதி அறிக்கை தயார். 'பயனாளியிடமிருந்து இடுப்பு வலிப் புகார் எதுவும் தற்போது இல்லை' என்று முடித்திருக்கிறேன். எழுத, ஒரே இருப்பில் பதினோரு மணி நேரம் பிடித்தது. நாற்காலியைக் குறை சொல்ல முடியாது. எனக்கு இடுப்பு வலிக்கவே இல்லை.