ஐம்பத்தெட்டு நாள் முன்னதாக ஓர் அழைப்பு

என் மகளின் கல்யாணத் தேதியை ஊருக்கு எப்போது சொல்வது என்பதை நான்தான் தீர்மானிப்பேன் என்று உறுதியாக முடிவெடுத்தேன். மனதுக்குள்தான். கல்யாணமாகி இருபத்தாறு வருடத்தில் என் பெரிய முடிவுகள் எல்லாம் அந்த இடத்தில்தான் எடுக்கப்பட்டிருக்கின்றன.

காரணம், மச்சான். என் மனைவியின் அண்ணன். எங்கோ தூரத்தில் ஒரு துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறார். நல்ல மனிதர், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் வந்தால் பத்து நாள். அந்தப் பத்து நாளும் என் நாற்காலி அவருக்கு, என் பேப்பர் முதலில் அவருக்கு. வேலை நேரம் முழுக்க உயரத்தில் தனியாக உட்கார்ந்திருக்கிறவர் இல்லையா, தரையில் ஒரு காது அகப்பட்டால் விடமாட்டார். அகப்படுகிற காது எப்போதும் என்னுடையது.

நான் பஸ் டிப்போவில் லீவ் செக்‌ஷன் கிளார்க். லீவ் கொடுப்பது என் வேலை என்று நினைத்துவிடாதீர்கள். கொடுக்காமல் இருப்பதுதான் வேலை. எங்கள் டிப்போவில் லீவ் வேண்டுமென்றால் அறுபது நாளுக்கு முன்னால் எழுதிக் கொடுக்க வேண்டும். மச்சானின் துறைமுகத்திலும் அதே விதிதான் என்று அவரே ஒரு முறை புலம்பியிருக்கிறார். ஆகவே கல்யாணத்துக்கு ஐம்பத்தெட்டு நாள் இருக்கும்போது அவருக்குச் சொன்னால் போதும், லீவ் கிடைக்காது. மரியாதைக்கு மரியாதையும் ஆச்சு, நாற்காலிக்கு நாற்காலியும் தப்பிச்சது. அவர் காதுக்குப் போய்விடக் கூடாதே என்பதால், மற்றவர்களுக்கும் அதுவரை மூச்சு விடக் கூடாது.

மண்டபம் பேசி முடித்த அன்றே பேச்சை எடுத்தேன்.

“தேதிய இப்பவே யாருக்கும் சொல்ல வேணாம்.”

“ஆறு மாசம்தாங்க இருக்கு. இப்ப சொன்னாத்தான் அவங்கவங்க வேலைய ஒதுக்கி வெச்சிட்டு வருவாங்க.”

“இப்ப சொன்னா மறந்துடுவாங்க. ரெண்டு மாசத்துக்குக் கொஞ்சம் உள்ள இருக்கறப்போ சொல்லணும். சூடா இருக்கும்.”

“கல்யாணம் என்ன டீயா, சூடா குடுக்கறதுக்கு?”

“நான் லீவ் செக்‌ஷன். இதெல்லாம் எனக்குத் தெரியாதா?”

அவள் மண்டப ரசீதை மடித்துப் பீரோவில் வைத்தாள். பிறகு, “சரிங்க, உங்க இஷ்டம்” என்றாள்.

இந்த வாக்கியத்தை அவள் அதற்கு முன் இரண்டே தடவைதான் சொல்லியிருக்கிறாள். முதல் தடவை சொன்னபிறகு நாங்கள் வீடு மாறினோம். இரண்டாவது தடவை சொன்னபிறகு நான் மீசையை எடுத்தேன். அப்போதே நான் சுதாரித்திருக்க வேண்டும்.

நான்கு மாதம் வாயைக் கட்டினேன். ஆபீஸில்கூட யாரிடமும் சொல்லவில்லை. கீழ்வீட்டுத் தையல்காரர் மட்டும் ஒரு நாள் கடை வாசலில் அட்டை மாட்டினார். கல்யாணத்தன்றும் அதற்கு முந்தின நாளும் கடை கிடையாதாம். பாவம், அவர் வீட்டிலும் ஏதோ விசேஷம் போல என்று நினைத்துக்கொண்டேன்.

ஐம்பத்தெட்டாவது நாள் வந்தது. குரலில் சோகம் கலந்து மச்சானுக்குப் போன் செய்தேன். இப்போதுதான் எல்லாம் கூடி வந்தது, லீவ் கிடைக்குமோ என்னவோ என்று இழுத்தேன்.

“கஷ்டந்தான் மாப்ள,” என்றார். “ஆனா நீங்க கவலப்படாதீங்க. மனசார வாழ்த்துறேன்.”

அன்று இரண்டு கவளம் கூடவே சாப்பிட்டேன். மனைவி கேட்காமலே பரிமாறினாள்.

மறுநாள் ஆபீஸில் ஒரு டிரைவர் வந்தார். தங்கைக்குக் கல்யாணம், இரண்டு நாள் லீவ் வேண்டும் என்றார். தேதியைப் பார்த்தேன். ஐம்பத்தேழு நாள்தான் இருந்தது. சுவரில் நானே டைப் அடித்து ஒட்டியிருந்த சுற்றறிக்கையைப் பேனாவால் தட்டிக் காட்டினேன்.

“தங்கச்சி கல்யாணம் சார்.”

“பெத்த பொண்ணு கல்யாணமா இருந்தாலும் விதி விதிதான்,” என்றேன்.

சொல்லி முடித்ததும்தான் அந்தத் தேதியை மறுபடி பார்த்தேன். டிரைவர் கேட்ட தேதிதான் என் மகளின் கல்யாணத் தேதியும். நான் லீவ் எழுதிக் கொடுக்கவில்லை. ரகசியம் காக்கிற மும்முரத்தில் எனக்கே சொல்லிக்கொள்ள மறந்திருக்கிறேன்.

வீட்டுக்கு எப்படி வந்தேன் என்று தெரியாது. மனைவி புடவைக்கு ஓரம் அடித்துக்கொண்டிருந்தாள். எதிரில் உட்கார்ந்து எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன்: அறுபது நாள், ஐம்பத்தெட்டு நாள், நாற்காலி, காது எல்லாவற்றையும்.

அவள் ஊசியைக் கீழே வைத்தாள்.

“அப்பா போனப்புறம் என்னப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பி, உங்களுக்குக் கட்டிக் குடுத்ததே அண்ணன்தாங்க. அவரு இல்லாம எம்பொண்ணு கல்யாணமா?”

எனக்கு வெட்கமாகிவிட்டது. நாற்காலியாவது ஒன்றாவது. அவர் வரட்டும், இரண்டு காதையும் எடுத்துக்கொள்ளட்டும் என்று தோன்றியது. ஆனால் இனிமேல் அவருக்கு லீவ் கிடைக்காதே என்றேன்.

“அவரு லீவக் கேட்டுட்டுத்தான் மண்டபமே பாத்தோம். ஊருக்கெல்லாம் அப்பவே சொல்லியாச்சு. நீங்க சொல்றப்போ புதுசா கேக்கற மாதிரி கேட்டுக்கங்கன்னும் சொல்லியிருக்கேன்.”

“எனக்கு லீவ் இல்லயே?”

அவள் எழுந்து பீரோவில் துண்டுகளுக்கு அடியிலிருந்து ஒரு மஞ்சள் தாளை எடுத்து வந்தாள். என் லீவ் விண்ணப்பத்தின் நகல். மண்டபம் பேசிய மறுவாரத் தேதி. ஞாயிற்றுக்கிழமைகளில் நான் வீட்டில் கட்டுக்கட்டாக விண்ணப்பங்களில் கையெழுத்துப் போடுவேன். பக்கம் புரட்டிக் கொடுப்பது அவள்தான். கட்டோடு கட்டாக மானேஜரிடம் போய் அவர் கையெழுத்தும் வாங்கி வந்திருந்தது. உயிர் திரும்பி வந்தது.

“பன்னெண்டு நாள்னு போட்டிருக்கு? கல்யாணத்துக்கு மூணு நாள் போதுமே.”

“கீழ படிங்க.”

படித்தேன். அவளுடைய குண்டு குண்டான எழுத்து. காரணம் என்ற இடத்தில், ‘என் மச்சான் வருகிறார். அவர் திரும்பிப் போகும்வரை கூடவே இருந்து பேசிக்கொண்டிருக்க ஆசைப்படுகிறேன்’ என்று எழுதியிருந்தது. அதன் கீழே, என் கையெழுத்து.