கெரெக்வாரில் முட்டிய கோப்பை

மாண்புமிகு அமைச்சர் வார்கோனி எடன் அவர்களின் பொதுவாழ்வு மாசுமருவற்றது. ஆளுங்கட்சியில் சேர்ந்தார், அது தோற்றதும் கொள்கைப் பிடிப்போடு எதிர்க்கட்சிக்குப் போனார், அதுவும் தோற்றதும் அதே பிடிப்போடு திரும்பி வந்தார். எந்த மந்திரிசபை கவிழ்ந்தாலும் மீசைகூடக் கலையாமல் எழுந்து வருவார். அப்பேர்ப்பட்டவரின் பதவி, தேர்தலுக்கு ஒரு வாரம் இருக்கையில், ஹங்கேரியின் கெரெக்வார் ஊரில் ‘டங்’ என்ற ஒரே சத்தத்தில் பறிபோகப் பார்த்தது.

பிரோஷ்காவின் மதுக்கடையில் தேர்தல் விருந்து. இறைச்சிக் குழம்பு தீர்ந்த உற்சாகத்தில் எடன் தம் பீர்க் கோப்பையை ஊர்த்தலைவரின் கோப்பையோடு முட்டிவிட்டார். வயலின் நின்றது. 1849-ல் நம் விடுதலைப் போரை நசுக்கி, நம் தளபதிகளைத் தூக்கில் போட்டுவிட்டு ஆஸ்திரியாக்காரன் பீர்க் கோப்பையை முட்டித்தான் கொண்டாடினானாம். அன்றிலிருந்து ஒயினை வேண்டுமானால் முட்டுவோம். பீரை மட்டும் சூடுசொரணை உள்ள ஹங்கேரியன் எவனும் முட்டமாட்டான்.

சேணம் தைக்கும் வென்டெல் எழுந்தார்.

“அமைச்சரே, கட்சி மாறுனீங்க, பொறுத்துக்கிட்டோம். பாலம் கட்டுறேன்னீங்க, இன்னும் நீந்தித்தான் போறோம். அதையும் பொறுத்துக்கிட்டோம். இதைப் பொறுக்க மாட்டோம்!”

எடன் தம் செயலாளரை ஓரமாக இழுத்துப் போனார். பதவி போனால் தமக்கு யார் தொப்பியைக் கழற்றி வணக்கம் சொல்வார்கள்? வீட்டு நாய்கூட அமைச்சர் என்றுதானே வாலாட்டுகிறது! செயலாளர் சிலார்ட் மட்டும் கலங்கவில்லை.

“ஐயா, முட்டுனது குத்தமில்ல. பீரை முட்டுனதுதான் குத்தம். அது பீரே இல்லன்னு ஆயிட்டா?”

“பீர்தானேய்யா குடிச்சேன்?”

“அதை நீங்க எப்படி முடிவு பண்ணலாம்? அதுக்குக் குழு இருக்கு.”

பேராசிரியர்கள் அடங்கிய உயர்மட்ட விசாரணைக் குழு புடாபெஸ்டிலிருந்து வந்தது. சம்பந்தப்பட்ட பீப்பாயை விடியும்வரை நுணுகி ஆராய்ந்தது. மறுநாள், ஒருவர் தோளை ஒருவர் பிடித்தபடி வந்து அறிக்கை கொடுத்தது: ‘மேற்படி பீப்பாயில் பீர் எதுவும் காணப்படவில்லை.’

பீர் இல்லை என்றால் ஒயின்தான். கெரெக்வாரில் விற்கப்படும் பானம் ‘நுரைக்கும் வாற்கோதுமை ஒயின்’ என்று அரசாணை வந்தது.

“அப்போ ஒயின் விலைக்கே விக்கலாமா ஐயா?” என்று கேட்டாள் பிரோஷ்கா.

“விக்கணும்மா. இல்லேன்னா சட்ட விரோதம்” என்றார் சிலார்ட்.

வாக்குப்பதிவுக்கு முந்தின நாள் எடன் ஊருக்கே வாற்கோதுமை ஒயின் வாங்கித் தந்தார். ஓசி. யார் வேண்டாம் என்பார்கள்? அமைச்சர் கோப்பையை நீட்டினார். முதலில் ஊர்த்தலைவர் முட்டினார். பிறகு பாதிரியார், அப்புறம் ஊரே முட்டியது. வென்டெல் ரொம்ப நேரம் யோசித்துவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு முட்டினார்.

அன்று சாயங்காலம் எதிர்வேட்பாளர் கடைக்கு வந்து மேசைமேல் ஏறினார். பாவம், நேர்மையான மனிதர்.

“பெரியோர்களே! உங்களை ஏமாத்துறாங்க! இது பீர்!”

வென்டெல் மெல்ல எழுந்து அவர் சட்டையைப் பிடித்தார்.

“என்னய்யா சொன்னே? பீரா? அப்போ நாங்கல்லாம் துரோகியா? பாதிரியாருமா?”

அவரைத் தூக்கி வெளியே எறிந்த கூட்டத்தில் பாதிரியாரும் ஒரு கை கொடுத்தார். மறுநாள் எடன் அமோகமாக ஜெயித்தார்.

அதற்கப்புறம் ஓசி நின்றுவிட்டது. வென்டெல் இரட்டை விலை கொடுத்துத்தான் குடிக்கிறார். பழைய பீர் மாதிரியே இருக்கிறதே என்று மனசுக்குள் அழுகிறார். ஆனால் பக்கத்தில் ஆள் இருந்தால், ஊர் பார்க்க நாலு தடவை முட்டாமல் ஒரு மடக்குகூடக் குடிப்பதில்லை.